பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டிலிருந்து

தம்பி,

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்தைக் கடந்து வந்து உன் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதைத்தான் இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் நான் வந்தேன். அது உனக்குத் தெரியாது, உன் அத்தைக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெறுங்கையோடு போவதா என்று பால்கோவா வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுத் தெருமுனை வரை நடந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பால்கோவா வாங்கிக்கொண்டு போகிற அளவுக்குக் குழம்பிப்போயிருந்தேன். வீட்டு ஜன்னல் திறந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. நீ காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாய். அத்தை ஏதோ சொல்ல, நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. திரும்பி நடந்து அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பால்கோவாவை உன் அப்பாதான் சாப்பிட்டார். "பிள்ளையைப் பாத்துட்டு வந்தவ மூஞ்சி இது இல்லையே. என்னட்டி, தெருவைப் பாத்துட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். நான் தறியைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. கொஞ்சம் பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்கு நடுவே பேக்கிங் மேசையில் எழுதினேன், கொஞ்சம் அடுப்படியில், இப்போது தறிக்கு அருகில். கரண்ட் போய்த் தறி நின்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. சத்தம் அடங்கியதும், மதுரையில் டாக்டர் அறையில் நான் கத்தியது மறுபடி எனக்கே கேட்கிறது.

நீயும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, கட்டி திரும்பி வரவில்லை, நெஞ்சும் சுத்தமாக இருக்கிறது என்று முதலில் சொன்னார். நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் கிருமியைப் பற்றிச் சொன்னார். உலோக மூட்டைக் கழற்றிய இடத்தில் மருந்து கலந்த சிமெண்டை வைத்து இத்தனை மாதம் காத்திருந்தும் அது எலும்பை விட்டுப் போகவில்லை. மறுபடி திறந்து, கெட்ட எலும்பைச் சுரண்டி எடுத்து, புதுச் சிமெண்டை வைத்து இன்னும் சில மாதம் பார்க்கலாம்; அது பலிக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்க முடியாது, பலித்தாலும் மிச்சமிருக்கிற எலும்பு இன்னொரு உலோக மூட்டைத் தாங்குமா என்பது சந்தேகம். அல்லது தொடையின் நடுவில் காலை எடுத்துவிடலாம். நீ, டீ வேண்டுமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போல, "எடுத்துருங்க டாக்டர்" என்றாய். அவர் எதையும் எழுதுவதற்கு முன்னால் உன் அப்பா முந்திக்கொண்டு, "எடுத்த பொறவு காலை எங்க கையில குடுத்துருவியளா சார்? ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணணும்" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கண் இருட்டியது. உன் கால் உன் உடம்பில் இருந்துகொண்டிருந்தது. பெருவிரல் நகத்தை நான்தான் முதல் நாள் வெட்டியிருந்தேன். இவர் அதற்குள் குழி வெட்டிவிட்டாரே என்று, "வேண்டாம்! எடுக்கக்கூடாது! நான் விடமாட்டேன்!" என்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டர் கோபப்படவில்லை. "பையனுக்கு இருபது வயசாச்சும்மா. அவர் கையெழுத்தே போதும். ஆனா வீட்ல ஒரு மனசா வந்தாத்தான் பின்னாடி உள்ளதைத் தாங்க முடியும். திங்கட்கிழமை வாங்க, ரொம்பத் தள்ளிப்போடாதீங்க" என்றார். நீ பேனாவைத் தொடவில்லை. "அம்மா சொல்லட்டும்" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய்.

பஸ்ஸில் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாய்: "எம்மா, நீ என் காலுக்காகப் பேசல. உனக்காகப் பேசினே." ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் அத்தை வீட்டில் இருக்கப்போவதாகச் சொல்லி இறங்கிவிட்டாய். உன்னை அங்கே விட்டுவிட்டு வர உன் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் இறங்கினார். நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து ராஜபாளையம் வந்துசேர்ந்தேன். நீ சொன்னது சரியா தவறா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பெரும்பாலும் சரிதான்.

என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. நீ பிறந்தபோது நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. என் வீட்டிலும் உன் அப்பா வீட்டிலும் அதுவரை கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் "பிரசென்ட்" ஆசிரியர் காதுவரை போகாது. அவர் வரவில்லை என்று குறித்துவிடுவார். எழுந்து "வந்திருக்கிறேன்" என்று சொல்லக் கூச்சம். அப்படியே வருகைப்பதிவு குறைந்து, பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். பக்கத்தில் இருந்த பெண் எனக்காக ஆபீஸில் போய்ச் சண்டை போட்டு அனுமதி வாங்கித் தந்தாள். பரீட்சை நாட்களில் உன் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். போகிற வருகிற பெண்கள் சிரிப்பார்கள். அவரோ, "எங்க வீட்ல ரெண்டு பேரும் படிக்காக. இவன் வெளிய இருந்து படிக்கான்" என்பாராம். எனக்காக யாராவது பேசிவிடுவார்கள் என்று இருந்தே எனக்குப் பழகிவிட்டது. நானாகப் பேசிய ஒரு நாளும் உனக்கு எதிராகப் பேசினேன்.

அந்தக் காலுக்கும் எனக்கும் உள்ள கணக்கை நீ சரியாக ஊகித்துவிட்டாய். உனக்குப் பதினாறு வயதில் முழங்காலுக்கு மேலே வீங்கியபோது வாலிபால் ஆட்டத்தில் பட்ட அடி என்று நினைத்தோம். ஊசியால் துளி எலும்பை எடுத்துச் சோதித்து, அது புற்றுநோய்க் கட்டி என்றார்கள். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடி கீமோ. கட்டி இருந்த எலும்பை மூட்டோடு வெட்டி எடுத்துவிட்டு உலோக மூட்டை வைத்து, காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். முடியில்லாத தலையோடு நீ கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "கால் இருக்காம்மா?" நான் போர்வையை விலக்கிக் காட்டினேன். அந்த நிமிடத்திலிருந்து அது உன் கால் மட்டும் இல்லை, நான் ஜெயித்து வாங்கிய கால் என்று ஒரு நினைப்பு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆடிப்பூரத்துக்கு உன் இரண்டு காலோடு உன்னைக் கொண்டுவந்து தேர்வடம் பிடிக்க வைக்கிறேன் என்று ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டேன். நீ பிடித்தாய். கூட்டத்தில் நீ நொண்டியதுகூட யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் தழும்பின் ஓரத்தில் கடுகளவு துவாரம் விழுந்து ஈரம் கசிந்தது. வேறொரு வீடாக இருந்தால் வேட்டியிலோ படுக்கையிலோ கறை பட்டு, பயந்து, அன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏறியிருப்பார்கள். நம் வீட்டில் காஸ் துணிக்கு என்ன பஞ்சம்? ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நம் தறியில்தான் ஓடுகிறது. தயிர் வடிகட்ட அது, மாவுப் பானையை மூட அது, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூக்கைத் துடைத்ததும் அது. நான் கம்பெனியிலிருந்து வெளுத்த ரோல் கொண்டுவருவேன். நீயே மடித்து வைத்துக் கட்டிக்கொள்வாய். நனைந்தால் மாற்றுவோம். மாற்றிய கட்டு வெள்ளை வெளேரென்று இருக்கும். அதைப் பார்த்து உள்ளே இருப்பதும் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று மூன்று பேரும் நம்பினோம். "நம்மளை மாதிரி கட்டுப் போட எந்த நர்சுக்குத் தெரியும்?" என்று உன் அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார். மாதக்கணக்கில் அப்படியே போனது. காய்ச்சல் வந்த பிறகுதான் கிளம்பினோம். "சீழ் எத்தனை நாளா வருது?" என்று டாக்டர் கேட்டதற்கு, "சீழ் இல்ல சார், தண்ணி மாதிரிதான்" என்றேன். அவர் நீ போட்டிருந்த கட்டைப் பிரித்து, மடிப்புகளைத் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு இம்புட்டு நல்லாக் கட்டுப் போடத் தெரிஞ்சதுதாம்மா வினை. தெரியாத வீடா இருந்தா சீக்கிரம் வந்திருப்பீங்க. உலோகத்துமேல கிருமி படலம் மாதிரி ஒட்டிக்கிட்டா மருந்து உள்ளே போகாது" என்றார். அப்புறம்தான் மூட்டைக் கழற்றிச் சிமெண்ட் வைத்தார்கள்.

அதனால்தான் கத்தினேன் தம்பி. இந்தக் கால் போனால் கட்டி கொண்டுபோனதாக ஆகாது, நம் வீட்டுத் துணி கொண்டுபோனதாக ஆகும் என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு முறை திறந்து சுரண்டினால் அந்தப் பழி கொஞ்சம் தள்ளிப்போகும். நீ மறுபடி மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பாய், கையில் ஊசி குத்த இடம் தேடுவார்கள், கிருமி ரத்தத்தில் கலந்துவிடுமோ என்று தினமும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வேண்டாம் என்றேன்.

நீ வராந்தாவில் டாக்டருக்காகக் காத்திருக்கும்போது சொன்னதை நான் காதில் வாங்காதவள் போல இருந்தேன். "எனக்குக் கால் வேணும்னு இல்லம்மா. எனக்கு நடக்கணும். அம்புட்டுத்தான்." அதை இந்த வாரம் முழுவதும் பேக்கிங் மேசையில் நின்றுகொண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ரோல் ரோலாக என் கையைத் தாண்டிப் போகிறது. எந்த ஊரில் யார் மேல் சுற்றப்போகிறார்களோ என்று இத்தனை வருடம் ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது ஒவ்வொன்றையும் நினைத்துக் கை நின்றுவிடுகிறது. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

உன் அப்பாவோடும் சண்டை போட்டேன். "உயிரோட இருக்குற காலுக்கு எப்படி உங்களுக்கு அடக்கம்னு வாய் வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டே திரும்பாமல் பேசினார். "அவன் எடுக்கச் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவன் முடிவு பண்ணிட்டான்னு. பொறவு அந்தக் காலுக்குன்னு யாரு இருக்கா சொல்லு? ஆஸ்பத்திரிக் குப்பையில போட எனக்கு மனசு கேக்கல. அதுதான் முதமுத எந்திரிச்சு நின்ன காலு. நான்தானட்டி கையைப் பிடிச்சிருந்தேன்." அவர் முதுகு குலுங்கியது. பக்கத்து ஷெட்டுத் தறிகளின் சத்தத்தில் அழுகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கால் போகப்போகிறது என்பதை முதலில் ஏற்றுக்கொண்டவர் அவர்தான். நான் அதை அவசரம் என்று நினைத்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நீ பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். உனக்கு முழங்காலை மடக்கப் பழக்கினாளே, அந்தப் பெண் இருந்தாள். பெஞ்சில் இடுப்பு வலிக்காரர்களும் தோள் வலிக்காரர்களும் நிறையப் பேர். பழைய நானாக இருந்தால் எல்லோரும் போகட்டும் என்று மூலையில் நின்றிருப்பேன். வாசலிலேயே நின்று, எல்லோர் காதிலும் விழ, "என் மகனுக்குக் காலை எடுக்கப் போறாங்க. எடுத்த பொறவு மிச்சத் தொடையில எப்படிக் கட்டுப் போடணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றேன். பெஞ்சில் இருந்த ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். யாரும் உச்சுக் கொட்டவில்லை. கொட்டினார்களோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.

அவள் இழுத்தால் நீளுகிற கிரேப் பேண்டேஜை எடுத்துத் தன் முழங்கையை மடக்கி, அதன் முனையில் போட்டுக் காட்டினாள். என்னிடம் கொடுத்தாள். நான் சுற்றினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, நீங்க கட்டுப் போடல. ரோல் சுத்துறீங்க." உண்மைதான். கம்பெனியில் ஓரம் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கிச் சுற்றிப் பழகிய கை. அப்படி வளையம் வளையமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், முனை வீங்கிவிடும், செயற்கைக் கால் பொருந்தாது என்றாள். குறுக்காக ஏறி, குறுக்காக இறங்க வேண்டும். முனையில் கொஞ்சம் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்ச்சி. கடைசியில் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். "ஆனா காயம் ஆறுற வரைக்கும் ஆஸ்பத்திரியிலதான் கட்டணும். டாக்டர் சொன்ன பொறவுதான் நீங்க. ஈரம் பட்டா வீட்ல மாத்தாதீங்க, வந்துருங்க" என்று அழுத்திச் சொன்னாள். நம் கதை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தலையை ஆட்டினேன்.

சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், நேரில் என்னால் முடியாது. கால் போன பிறகும் அது இருக்கிற மாதிரியே வலிக்கலாம், பாதம் அரிக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். எந்த நேரம் வலித்தாலும் சொல். இல்லாத கால் எப்படி வலிக்கும் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். வலியை மடித்து வைத்து மேலே வெள்ளைத் துணி சுற்றுகிற பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. அதை இங்கேயே விட்டுவிட்டுப் போ. யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். பாதிச் சொல்லிப் பாதி மறைத்தால்தான் அவர்கள் மீதியைத் தோண்டுவார்கள். உனக்கென்று ஒரு பெண் வந்தால், பெரியவர்கள் பேசுவதற்கு முன்னால் நீயே அவளிடம் சொல். உன் அப்பா தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் சில நாளாவது தூக்க விடு; அது உனக்காக இல்லை. ஸ்கேனுக்குக் கூப்பிடும் தேதியை மட்டும் ஒரு நாளும் தள்ளாதே. வேண்டுதலைப் பற்றிக் கவலைப்படாதே. இரண்டு கால் என்று வாய் தவறி நான் சொன்னதற்கு ஆண்டாளிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் அத்தை அன்றைக்கே போனில் சொன்னாள்: "மதினி, வடம் பிடிக்கக் கைதான வேணும்? கூட்டத்துல எவன் காலு எங்க இருக்குன்னு யாரு பாத்தா?"

இன்று சாயங்காலம் கரண்ட் போய்த் தறி நின்றது. உன் அப்பா வேர்த்து வழிய வெளியே வந்தார். நான் வாங்கி வந்து மேசை மேல் வைத்திருந்த கிரேப் பேண்டேஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது காலைப் பின்னால் மடக்கினார். குதிகாலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். மடங்கிய முழங்கால் முனை எனக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றது. "ம், கட்டு" என்றார்.

முதல் தடவை ரோல் சுற்றிவிட்டேன். "ஏட்டி, உசிரு போகுது. எனக்கு இன்னும் காலு இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்து, பிறகு இரண்டு பேராலும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. அவிழ்த்தேன். மறுபடி குறுக்காக ஏற்றினேன். முனையில் மடிப்பு விழுந்தது, அவிழ்த்தேன். அவர் கால் மரத்துப்போய்விட்டது, மாற்றி உட்காரவில்லை. கரண்ட் வந்தது. பக்கத்து ஷெட்டுகளில் தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நம் தறியைப் போட அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியாகக் கட்டியது நழுவாமல் நின்றது. அவர் விரலை உள்ளே விட்டுப் பார்த்து, "இது அவனுக்கு உறுத்தாது" என்றார்.

நாளைக் காலை இருவரும் முதல் பஸ்ஸில் வருகிறோம். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு நீ படித்து முடிக்கும்வரை நான் அடுப்படியில் அத்தையோடு நிற்பேன். திங்கட்கிழமை டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டால், அந்த அறைக்கு வெளியேயும் கேட்கிற மாதிரி, சரி என்று சொல்வேன். அதற்கு முன்னால் உன் அப்பா உன் எதிரில் ஒரு தடவை காலை மடக்கி உட்காருவார். நான் கட்டிக் காட்டுகிறேன். பக்கத்தில் வந்து தொட்டுப் பார். இறுக்கமாக இருந்தால் சொல்.

அம்மா